ரைட் என்றால் போகலாம்

எங்கள் வீட்டில் பெரிய வண்டி ஓட்டக்கூடிய கை என் கணவருடையது என்று எல்லோரும் நம்பியிருந்தோம், அவரும் சேர்த்து. அந்தக் கை, பயணத்துக்கு ஒன்பது நாள் முன்னால் பாட்மின்டன் கோர்ட்டில் உடைந்தது. பந்தை அடிக்கப் பாய்ந்து விழுந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு கதை இருந்திருக்கும். ஆட்டம் முடிந்து, தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போகும்போது வழுக்கி விழுந்தார். "உன்னைத் தோற்கடிச்சது பாட்டில்தான்பா" என்று அவருடைய நண்பர்கள் இன்றுவரை சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சான் ரமோனிலிருந்து யூட்டா வரை, மூன்று தேசியப் பூங்காக்கள், படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் இருபத்தைந்து அடி நீள வாடகை ஆர்வி. இரவு தங்கும் இடங்களை மாதக்கணக்கில் முன்னால் பிடித்து வைத்திருந்தோம். கட்டுப் போட்ட கையோடு அவர் வந்து "கேன்சல் பண்ணிடலாமா?" என்று கேட்டபோது நான் கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு? நான் ஓட்டறேன்" என்றேன்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. லிவர்மோரைத் தாண்டி, மலை ஏறி இறங்கி, பதினேழு வருடமாக ஆபீஸ் போய் வருகிறவள் நான். லாரிகளுக்கு நடுவில், காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் அந்த மேட்டில், மழையிலும் ஓட்டியிருக்கிறேன்.

நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து கணவரின் அண்ணனும் எங்களோடு வந்து சேர்ந்தார். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர். யாரையும் புண்படுத்திப் பேச மாட்டார். ஆனால் அவர் பேச்சில் ஒரு 'ஆனா' எப்போதும் இருக்கும். "நீ நல்லாத்தான் ஓட்டுவேம்மா, ஆனா இது வேற" என்றார். வாடகைத் தாளில் இரண்டாவது ஓட்டுநராகத் தன்னையும் சேர்த்துக்கொண்டார். "சும்மா, ஒரு சேஃப்டிக்கு. வண்டியில ஒரு கீறல் விழுந்தா சாவி என் கைக்கு வந்துடணும். ஓகேவா?"

"ஓகே அத்தான்" என்றேன். கீறல் விழாது என்று எனக்கு அவ்வளவு உறுதி.

ஆர்வியை ஓட்டுவது என்பது ஒரு சமையலறையை ஓட்டுவது. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் தட்டுகள் பேசும், ஸ்பூன்கள் பதில் சொல்லும். பதினாறு வயது மகள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "அம்மா, தி இட்லி குக்கர் இஸ் லூஸ்" என்று விமானியின் குரலில் அறிவித்துக்கொண்டு வந்தாள். நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பதினாறு வருடமாக இப்படித்தான், ஒரு தகராறும் வந்ததில்லை. பாலைவனத்தை நேர்கோடாகக் கடந்தேன். மலைப்பாதையில் பின்னால் வந்த கார்களுக்கு ஒதுங்கி வழி விட்டேன். அத்தான் முந்நூறு மைலுக்குப் பிறகுதான் முன் சீட்டின் முதுகைப் பிடித்திருந்த கையை எடுத்தார்.

இரண்டாம் நாள் மதியம், செம்மண் நிறப் பாறைகளுக்குக் கீழே, வண்டிகளை நிறுத்தி இரவு தங்கும் எங்கள் கேம்ப்கிரவுண்ட். எங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் வண்டியைப் பின்பக்கமாகத்தான் நுழைக்க வேண்டும். இடதுபுறம் கரண்ட் கொடுக்கும் கம்பம், வலதுபுறம் மரத்தில் செய்த சாப்பாட்டு மேசை.

"நான் பின்னால நின்னு சொல்றேன்" என்று அத்தான் இறங்கினார். எஞ்சின் சத்தத்தில் அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை. அதனால் மகள் நடுவில், என் ஜன்னலோரம் நின்றாள். அவர் சொல்வதை அவள் எனக்குச் சொல்வாள் என்று ஏற்பாடு.

ரிவர்ஸ் கியர் போட்டேன். மெதுவாக, நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"ரைட், அம்மா" என்றாள் மகள்.

கொஞ்சம் வலதுபக்கம் ஒடித்தேன்.

"ஹி சேஸ் ரைட். ரைட், ரைட்!"

இவ்வளவு அழுத்திச் சொல்கிறாரே, கம்பத்தில் இடிக்கப்போகிறோம் போலிருக்கிறது என்று முழுதாக ஒடித்தேன். வண்டியின் பின்மூலை அழகாகப் போய் சாப்பாட்டு மேசையின் மேல் உட்கார்ந்தது. விளக்கின் சிவப்புக் கண்ணாடி உடையும் சத்தம் எனக்கே கேட்டது.

இறங்கிப் போனேன். அத்தான் கண்ணாடித் துண்டைக் கையில் வைத்திருந்தார். கோபமாக இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பரவால்லம்மா. இதுவரைக்கும் நல்லாத்தான் ஓட்டினே, ஆனா..." என்று கையை நீட்டினார். சாவிக்கு.

"நீங்கதானே அத்தான் ரைட்ல ஒடிக்கச் சொன்னீங்க?"

"நான் எங்கம்மா ஒடிக்கச் சொன்னேன்? ரைட், ரைட்னுதான் சொன்னேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"ரைட்னா போலாம்னு அர்த்தம். வண்டி நேரா வருது, வா, வான்னு சொல்றேன். நம்ம ஊர் பஸ்ல வேற என்ன சொல்வாங்க?"

கணவர் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அந்த மேசையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். மகள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வெயிட். ரைட் மீன்ஸ் கோ? ஸ்ட்ரெய்ட்?"

"ஆமா கண்ணு."

"தென் ஹவ் டு யூ சே ரைட்?"

கண்டக்டரின் வாயிலிருந்து நேராக என் காதுக்கு வந்திருந்தால் நானும் சரியாகத்தான் புரிந்துகொண்டிருப்பேன். மகளின் வாய் வழியாக வந்ததும் அது அமெரிக்க ரைட் ஆகிவிட்டது.

அத்தான் நீட்டிய கையை மடக்கவில்லை. "இருந்தாலும் கீறல் கீறல்தானே?"

அதுவும் நியாயம்தான். ஒப்புக்கொண்டவள் நான். ஆனால் அந்த இடத்தில் சாவியைக் கொடுத்தால் மீதி ஐந்து நாளும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாறைகளைப் பார்த்துக்கொண்டு வருவேன், ஊருக்குப் போன பிறகும் 'இது வேற' என்பது நிலைத்துவிடும் என்று தெரிந்தது.

"கீறலை ஒத்துக்கறேன் அத்தான். இன்னும் ஒரே ஒரு தடவை ரிவர்ஸ் எடுக்கறேன். நீங்க என் சைடு கண்ணாடியில தெரியற மாதிரி நில்லுங்க. கையை மட்டும் காட்டுங்க. வாயைத் திறக்கக்கூடாது. இப்பவும் இடிச்சா, சாவி உங்களுக்கு."

"வாயைத் திறக்காம நானா?"

"அண்ணா, நீ ட்ரை பண்ணு. நாங்க பார்த்ததே இல்லை" என்றார் கணவர்.

வண்டியை முன்னால் எடுத்து நேராக்கினேன். கண்ணாடியில் அத்தான் தெரிந்தார். இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வலது கையால் காற்றைத் தன் பக்கம் இழுத்தார். பக்கத்து இடத்து அமெரிக்கக் கிழவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். இரண்டு முறை பாதியில் நிறுத்தி, முன்னால் வந்து, மறுபடி போனேன். அவசரமே படவில்லை. மூன்றாம் முறை அத்தானின் உள்ளங்கை விரிந்து நின்றது. பிரேக்கை அழுத்தினேன். இறங்கிப் பார்த்தால் கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கலாம். மேசைக்கும் அப்படியே.

அத்தான் வாயிலிருந்து கையை எடுத்தார். கண்ணாடி உடைந்த இடத்தில் மகளோடு சேர்ந்து சிவப்பு டேப் ஒட்டினார். பிறகு வயரை எடுத்துக் கம்பத்தில் தானே செருகினார். உள்ளே லைட் எரிந்தது. நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.

மூன்றாவது தோசைக்கு அவர் பேச்சு திரும்பி வந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும், டிரைவர்?"

"ஆறு மணிக்கு அத்தான். ஆறு அஞ்சுக்கு வந்தா விட்டுட்டுப் போயிடுவேன்."

"அப்ப அஞ்சரைக்கே எழுப்பிடும்மா" என்றார் அவர், தட்டை நீட்டி.