களியை மென்றவர்கள்

எங்கள் ஊர்க் கருங்கல் குவாரி பக்கத்துக் கரட்டுக் குன்று வரைக்கும் பெரிதாகப் போகிறது என்று கேள்விப்பட்டதும் முதலில் சந்தோஷப்பட்டது என் மனைவிதான். நான் அந்தக் குவாரியில் கல் பிளந்துகொண்டிருந்தேன். அவள் பென்னாகரம் ரோட்டில், குவாரிக்குத் திரும்பும் முனையில் களிக்கடை வைத்திருந்தாள். ஒரு பந்தல், நாலு பெஞ்சு, ராகி களி, கொள்ளுக் கடைசல், என்றைக்காவது கருவாட்டுக் குழம்பு. காலையில் ஆளுக்கு ஓர் உருண்டையை உள்ளே தள்ளிவிட்டுத்தான் நாங்கள் சம்மட்டியைத் தொடுவோம். மத்தியானம் வரை பசி கிட்டே வராது.

ஊரே அப்போது மனக்கோட்டை கட்டியது. குவாரி பெரிதானால் ஆள் பெருகும், ஆள் பெருகினால் யாவாரம் பெருகும். பஞ்சர் கடை வந்தது. செல்போனுக்கு ரீசார்ஜ் போடும் பெட்டிக்கடை வந்தது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து என் மச்சான் ஒருவர் வந்து, லாட்ஜ் கட்டலாமா என்று இடம்கூடப் பார்த்துவிட்டுப் போனார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். எங்கள் மதியெல்லாம் அப்போது லீவில் இருந்தது. என் மனைவி பழைய குண்டானை ஓரங்கட்டிவிட்டு ஓர் அண்டாவையே வாங்கி வந்தாள். நான் இரண்டு கையாலும் அதை அசையாமல் பிடித்துக்கொள்ள, அவள் துடுப்பைப் போட்டுக் கிண்டிப் பழகினாள்.

குவாரி பெரிதானது. ஆனால் வந்தது மிஷின். கம்பியை ஓட்டிக் கல்லைத் தயிர்க்கட்டி மாதிரி அறுக்கும் மிஷினும், வரிசையாகப் பொக்லைன்களும் வந்தன. அவற்றை ஓட்ட ஜார்கண்ட் பக்கத்து ஆட்கள் வந்து தகரக் கொட்டகையில் தங்கினார்கள். குவாரிக்காரர்கள் எங்களிடம், "கொஞ்ச நாள் பொறுங்க, சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். இன்றைக்கு வரை யாரும் சொல்லி அனுப்பவில்லை.

புது ஆட்கள் முதல்முதலாகக் கடைக்கு வந்த காலையில் அண்டா நிறையக் களி இருந்தது. எங்கள் பக்கத்தில் களியை யாரும் மெல்ல மாட்டோம். விரலால் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்கிவிடுவோம். இதை ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அவர்கள் மென்றார்கள். மென்றுகொண்டே இருந்தார்கள். பெரிய மீசைக்காரர் ஒருவர் வாயைத் திறக்க முடியாமல், கண்ணில் நீர் முட்ட, தண்ணீர் கேட்டுச் சைகை காட்டினார். எங்கள் ஆட்கள் பெஞ்சே ஆடும்படி சிரித்தார்கள். நானும்தான். மறுநாள் அவர்களில் ஒருவரும் வரவில்லை. அந்த அண்டாக் களியை எங்கள் எருமை மெல்லாமலே தின்று தீர்த்தது.

வேலை போன எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி வேன் கொண்டுவருவார். போனால் பொங்கலுக்கோ தீபாவளிக்கோதான் திரும்ப முடியும். கடை ஓடினால் நான் வீட்டோடு இருக்கலாம். ஓடாவிட்டால் அந்த வேனில் எனக்கும் ஓர் இடம். இது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அவங்களுக்குச் சப்பாத்தி போட்டா என்னா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எனக்குக் களிதாங்க வரும். முழுங்கத் தெரியாதவங்களுக்கு நான் என்னா பண்றது?"

அவள் பிடிவாதம் கருங்கல்லைவிடக் கெட்டி. கருங்கல்லையாவது நான் பிளந்திருக்கிறேன்.

கடைசியில் மேஸ்திரியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையில் லுங்கியை மடித்து வைத்தபோது அவள் பார்த்தாள். போகாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்கிற பெண் அவள் இல்லை. நானும் அப்படிச் சொல்ல வைக்கத் தெரிந்தவன் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கேயோ வெளியே போனாள். எனக்குக் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

அவள் போனது தகரக் கொட்டகைக்கு. அவர்கள் மாவு பிசைவதையும் தேய்ப்பதையும் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பிறகு சப்பாத்திக் கட்டையை வாங்கித் தானும் ஒன்று தேய்த்திருக்கிறாள். அது கோணல்மாணலாக வந்ததைப் பார்த்து அந்த மீசைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"அன்னைக்கி நாம சிரிச்சதுக்கு இன்னைக்கிச் சரியாப் போச்சுங்க" என்றாள் வீடு திரும்பியதும்.

மறுநாள் பையோடு கடையில் போய் நின்றேன், வேன் அங்கேதான் வரும். அவள் பையை வாங்கிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். கோதுமை மாவுத் தாம்பாளத்தை என் முன்னால் வைத்தாள்.

"கல்லு பொளக்கற கை மாவு பெசையாதா?"

களிக்கு ஊற்றுகிற பழக்கத்தில் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மாவைக் கொட்டினாள். மணிக்கட்டு வரை மாவு அப்பியிருந்தது. கொட்டகை ஆட்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, என் லட்சணத்தைப் பார்த்துத் தங்கள் மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. என்னோடு கல் பிளந்தவர்கள்தான் உள்ளே இருந்தார்கள். மேஸ்திரி தலையை நீட்டினார்.

"என்னாப்பா, ஏறலயா?"

அவளைப் பார்த்தேன். அவள் சப்பாத்திக் கல்லிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

"அவரு வரலீங்க. மாவு பெசையறாரு."