நவமணி எடுத்துக் கொடுத்த வசனம்

நவமணியைத் தோட்டத்து நாடகங்களில் யாரும் பார்த்ததில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் மேடை போட்டால், அவள் திரைக்குப் பின்னால் ஒரு பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்து நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பாள். பீடோர் டவுனை ஒட்டிய அந்த ரப்பர் தோட்டத்தில் ராஜா வேஷத்துக்கு அடித்துக்கொண்ட ஆண்களில் பாதிப் பேருக்கு எழுத்து வாசனை கிடையாது. நவமணிக்கோ இரண்டு தடவை கேட்டால் முழு நாடகமும் நெஞ்சில் தங்கிவிடும். காலையில் அவள் மரம் சீவுகிறவள்தான். திருவிழா அன்றைக்கு மட்டும் ராஜாவும் மந்திரியும் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள்.

அதிலும் சன்னாசி இருக்கிறானே, அவள் இருமினால் அவனும் இருமுவான் என்று தோட்டமே கேலி பேசும். ரப்பர் ஷீட் தூக்குகிற சன்னாசிக்கு வருஷா வருஷம் ராஜா வேஷம். நல்ல குரல், நல்ல உயரம், ஞாபகம் மட்டும் சல்லடை.

எழுபத்து நாலாம் வருஷத் திருவிழாவில் நவமணி திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கவே கூடாது. சில நாட்களுக்கு முன்பு, ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்டுக் காய வைக்கும் தகரக் கொட்டகை எரிந்து சாம்பலாகியிருந்தது. அங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்வது அவள் புருஷன் சின்னையாவின் வேலை. அடுப்புக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி முடிவு கட்டினார். "நான் மூடிட்டுத்தான் போனேன்" என்று சின்னையா தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். நெருப்பில்லாமல் புகையுமா என்றது ஊர் வாய். வேலையை விட்டு நிறுத்தி, சீட்டைக் கிழித்துவிட்டார்கள். திருவிழா முடிந்து விடிந்தால், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு, பிள்ளைகளோடு சிம்பாங் பூலாய்ப் பக்கம் கல்லுடைக்கப் போக வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நவமணிக்கே புருஷன்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. அதை அவனும் கண்டுகொண்டான். அன்றிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சன்னாசி வந்து நின்று கெஞ்சியதால்தான் அவள் போனாள். "நீங்க இல்லாட்டி ரொம்ப சூசாலா, கஷ்டமாப் போயிரும் அக்கா. எனக்கு ஒரு வரி நிக்காது" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

கோள் கேட்டுத் தன் தளபதியைக் கொன்றுவிட்ட ராஜாவின் கதை அது. உண்மை தெரிந்த பிறகு ராஜா தனியாக நின்று பேச வேண்டும். சபையில் ராஜா என்ன பொய் வேண்டுமானாலும் பேசலாம். தனி வசனத்தில் பொய் பேசினால் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். மனசைத் திறந்து கொட்டுகிற இடம் அல்லவா!

சன்னாசி நடு மேடைக்கு வந்தான். "என் வாளே என் தோழனைத் தின்றது" என்று நவமணி எடுத்துக் கொடுத்தாள். அவன் சொல்லவில்லை. மறுபடி கொடுத்தாள். அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அவன் மூடிவிட்டுத்தான் போனான்" என்றான் சன்னாசி. "கதவைத் திறந்தவன் நான். ஒரு பொறி நெருப்புக்காகத் திறந்தேன். என் குரலில் நானே மயங்கி, மூட மறந்தேன்!"

இந்த நாடகத்தில் கதவே கிடையாது. நவமணி திரை விளிம்பை விலக்கி அவனைப் பார்த்தாள். தகரக் கொட்டகைக்குள் கத்திப் பழகினால் குரல் கணீரென்று எழும் என்று அவனே அவளிடம் பெருமையடித்திருக்கிறான். பழகுவதற்கு முன்னால் ஒரு பீடி பற்ற வைக்காமல் அவனுக்கு வாய் திறக்காது. சின்னையா சாப்பிடப் போன நேரத்தில் உள்ளே நுழைந்தவன் யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பாவி, என் வீட்டையல்லவா எரித்துவிட்டாய் என்று பல்லுக்குள் திட்டினாள்.

சனத்துக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். முன்வரிசையில் கிராணி கை தட்டினார். "ஒன்ஸ் மோர்!" என்று களமே கத்தியது. அந்தத் தோட்டத்தில் சனம் அப்படிக் கேட்டுவிட்டால் திரும்ப நடித்தே ஆக வேண்டும். மறுத்தால் மேடைக்குச் செருப்பு வரும்.

சன்னாசி திரையோரம் வந்தான். அரிதாரம் வேர்வையில் வழிந்தது. "அக்கா, எழுதுன வசனத்தையே குடுங்கக்கா" என்று கிசுகிசுத்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

எழுதின வசனத்தைக் கொடுத்தால் கைதட்டலோடு எல்லாம் முடியும், காலையில் சாமான் ஏற்ற லோரி வந்து நிற்கும். அவளே மேடையேறிக் கத்தினாலோ, புருஷனைக் காப்பாற்ற நாடகம் போடுகிறாள் என்பார்கள். அவன் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு.

"சின்னையா மேல பழி விழ விட்டேன்" என்று எடுத்துக் கொடுத்தாள்.

அவன் நடு மேடைக்குத் திரும்பிப் போய், மேலே தொங்கிய மைக்கைப் பார்த்தான். எங்கோ ஒருவன் விசில் அடித்தான். நவமணி இன்னொரு முறை அதே வரியைக் கொடுத்தாள்.

"சொல்லு சன்னாசி. ஒன் ராஜா சொல்லிட்டான். நீ சொல்லு."

"சின்னையா அண்ணன்மேல பழி விழ விட்டேன்" என்றான் சன்னாசி.

யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். கிராணியின் கைகள் பாதியில் நின்றன. நவமணி அடுத்த வரிக்கு வாயெடுத்தாள். அவன் திரும்பாமலே பின்னால் கையைக் காட்டினான்.

"போதும்க்கா. மிச்சத்த நானே சொல்றேன்."

ராஜாவின் தமிழை விட்டுவிட்டு, பீடியையும் கதவையும் பயந்து ஓடியதையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். கிராணி எழுந்து மேடைப் பக்கம் நடந்தார். நவமணி வாயில் முந்தானையை வைத்து அழுதாள். புருஷனுக்காக அழுதாளா, அந்தப் பாவிக்காக அழுதாளா, அவளுக்கே தெரியவில்லை.

ஒலிபெருக்கி அவன் குரலை லயம் வரைக்கும் கொண்டுபோயிருந்தது. பனியனோடு வந்த சின்னையாவுக்குச் சனம் வழி விட்டது. அவன் சன்னாசியிடம் போகவில்லை. திரைக்குப் பின்னால் வந்து பெண்சாதியின் முன்னால் நின்றான்.

"எந்திரி" என்றான். "வீட்டுக்குப் போலாம்."