எதிர்ப்பக்க விரல்கள்

தையற்கடையைக் கடக்கும்போது வந்த மெஷின் எண்ணெய் வாசனை, இன்று என்னை மஞ்சக்குட்டை எஸ்டேட் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது ஏதோ ரிசார்ட்டின் கார்கள் நிற்கின்றன. அம்மா அங்கே டைப்பிஸ்ட். பள்ளிக்கூடம் விட்டதும், பஸ் வரும்வரை மேசைக்கு அந்தப் பக்கம், அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பேன். ஜன்னலை மூடுபனி அடைத்திருக்கும், உள்ளே டைப்ரைட்டர் சத்தம் ஓயாது. அம்மா குனிந்து கீபோர்டையும் பார்க்கமாட்டாள், நிமிர்ந்து என்னையும் பார்க்கமாட்டாள். கண் பக்கத்துக் காகிதத்திலேயே இருக்கும். ஒருதரமாவது பார்க்கட்டும் என்றுதான் அவள் விரல் ஆடுகிறபடியே நானும் மேசையில் தட்டிக்கொண்டிருந்தேன், மாதக்கணக்கில்.

ஒருநாள் அவளே என்னை மெஷின் முன்னால் உட்காரவைத்தாள். இங்கிலீஷ் ‘ஏ’ எழுத்துக்கு இடது சுண்டுவிரல் இறங்க வேண்டும். எனக்கு வலது சுண்டுவிரல் இறங்கியது.

“ஏங்கண்ணு, எடக்கை வேலைய வலக்கை செய்யுது! நொம்ப நாளா எதுக்கால இருந்து என்னையவே பாத்துட்டு இருந்தயா?” என்று சிரித்தவள், சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

அம்மா இறந்து வருடங்களாகிவிட்டன. கம்ப்யூட்டரில் சரியாகத்தான் அடிக்கிறேன். வெறும் மேசையில் மட்டும் விரல்கள் இன்னமும் கை மாறித்தான் தட்டுகின்றன, எதிரே அவள் உட்கார்ந்திருப்பதுபோல.