எல்லோருக்கும் நன்றி

மாமா மகளுக்கு அடுத்த மாதம் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்தாயிற்று. அவளுக்குக் கவுனைப் பற்றிக் கவலை இல்லை. இன்ஸ்டா எப்போது என்று கேட்டு வீட்டை இரண்டாக்குகிறாள். மாமா என்னைப் பார்க்கிறார். என்னைப் பார்த்து என்ன செய்ய? அவள் வயதில் நானும் இதைத்தான் கேட்டேன்.

என் அப்பா மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தார். தூத்துக்குடியிலிருந்து கிளம்பினால் திரும்ப வாரக்கணக்காகும். அங்கே மாலித் துறைமுகத்தில் கரை இறங்கியதும் ஃபேஸ்புக்கில் என்னைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "சின்னப் பிள்ளைக்கு எதுக்கு அது? கண்டவனும் பாப்பான்" என்றாள். எந்த வயதில் கொடுப்பது என்று வீட்டில் பெரிய வழக்கு. கடைசியில் அப்பா கோயிலைத் துணைக்கு இழுத்தார்.

"புதுநன்மை வாங்கிட்டா நல்லது கெட்டது தெரியும்னு சாமியாரே சொல்லுதாரு. பெறகென்ன?"

சாமியாரை எதிர்த்துப் பேச அம்மாவால் முடியவில்லை.

அம்மாவின் போனில் எனக்குக் கணக்குத் திறந்தது மாமா. அம்மாவின் தம்பி, மில்லர்புரத்தில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. ஃபேஸ்புக் கேட்ட வயது எனக்கு இல்லை என்றதும், பிறந்த வருடத்தைக் கூசாமல் பின்னுக்குத் தள்ளினார். நான் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்து வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் என் பேரில் ஒரு பொய். பொய்யோடு ஒரு மரியாதையையும் கற்றுக் கொடுத்தார். "ஏளா, யாரு என்ன எழுதினாலும் தேங்க்ஸ் போடணும். இல்லன்னா வளப்பு சரியில்லம்பாவ."

முதல் படம், கோயில் வாசலில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு நிற்பது. கவுன் கசங்குகிறதே என்று நான் முகத்தைச் சுளித்திருப்பேன். அப்பாவின் கூட்டாளிகள் எல்லோரும் வாழ்த்தினார்கள். ஒருவரையும் விடாமல் நன்றி சொன்னேன்.

மழைக்காலம் தொடங்கும்போது அப்பா மறுபடி தோணி ஏறினார். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து போனை எடுத்தால், அந்தப் படத்துக்குக் கீழே புதிது புதிதாக எழுதியிருந்தார்கள். எல்லாரும் ஒன்றையேதான் எழுதியிருந்தார்கள். ஆர், ஐ, பி. எழுத்துக் கூட்டினால் 'ரிப்' என்று வந்தது. 'சூப்பர்' மாதிரி இதுவும் ஏதோ பாராட்டு என்று முடிவு செய்துகொண்டேன். சிலர் கைகூப்புகிற படமும் போட்டிருந்தார்கள். நம்மைக் கும்பிடுகிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதி, சிரிக்கிற முகமும் வைத்தேன்.

அம்மா அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அப்பா படத்துக்கு எத்தனை பேரு எழுதியிருக்காவ தெரியுமாம்மா?" என்றேன்.

"போதும்ளா, கண்ணு பட்டுரப் போவுது" என்றாள். ஆனாலும் சிரித்தாள்.

தோணி மூழ்கிய செய்தி, மாலியில் நின்ற மற்றத் தோணிக்காரர்களுக்குத்தான் முதலில் எட்டியிருக்கிறது. வீட்டுக்குத் தகவல் போயிருக்கும் என்று நம்பி அவர்கள் அஞ்சலி எழுதிவிட்டார்கள். மாமா அதை வேலையிடத்தில் தன் போனில் பார்த்தார். ஒவ்வொரு அஞ்சலிக்கும் கீழே என் நன்றி, சிரித்த முகத்தோடு.

பைக்கை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார். "அக்கா" என்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். மீன் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"தோணியா?" என்று மட்டும் கேட்டாள்.

மாமா என் கையிலிருந்த போனைப் பிடுங்கினார். அழுதுகொண்டே, நான் எழுதிய நன்றிகளை ஒவ்வொன்றாக அழித்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நீங்கதான மாமா போடச் சொன்னிய? அழிக்காதிய மாமா!"

அம்மாவின் அலறலுக்குத் தெருவே கூடிவிட்டது. நானும் அவளுக்குச் சமமாகக் கத்தி அழுதேன். அப்பனை நினைத்து அழுகிறது பிள்ளை என்று யாரோ என்னை மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்தார்கள். எனக்கு வேறு கவலை. மாலியில் இறங்கியதும் அப்பா போனைத் திறந்து பார்ப்பாரே, இத்தனை பேர் எழுதியும் மகள் ஒருவருக்குக்கூட நன்றி சொல்லவில்லை என்று நினைப்பாரே என்றுதான் அழுதேன்.