அடியை நிறுத்தக் கற்ற வருடம்

எங்கள் மகள் இறந்தபோது அவளுக்கு நான்கு வயது. மூளைக் காய்ச்சல் என்றார்கள். ஆரணியில் பார்த்த டாக்டர், உடனே வேலூருக்குக் கொண்டு போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் குழந்தை என் மனைவியின் மடியில் கிடந்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மைல்கற்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்ணமங்கலம் தாண்டியதும் மனைவி முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். வெயில் படுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். வேலூரில் இறங்கியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்டர், உயிர் போய் ஒரு மணி நேரம் இருக்கும் என்றார். நான் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

அவள் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து யாருக்குமே பதில் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்திரண்டு வயது. வீட்டிலேயே தறி போட்டுப் பட்டுச்சேலை நெய்துகொண்டிருந்தேன். அவள் வழக்கம்போலச் சமைத்தாள், நூல் சுற்றினாள், வாசல் தெளித்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. உறவினர்கள் வேப்பிலை அடித்துப் பார்த்தார்கள். சேத்துப்பட்டுப் பக்கம் ஒருவரிடம் கூட்டிப் போய்த் தாயத்து கட்டினோம். அவள் எல்லாவற்றுக்கும் உடன்பட்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான்.

நான் வேறு விதமாகக் கெட்டுப் போனேன். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுக் குனிந்து நெய்பவனுக்கு முதுகுவலி புதிதல்ல. இப்போது அதோடு கை நடுக்கமும் சேர்ந்துகொண்டது. ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடா சரியாக ஓடாமல் எகிறிக் கீழே விழும். இழை அறுந்துகொண்டே இருக்கும். திடீரென்று நெஞ்சு அடைத்து மூச்சு நின்றுவிட்டதுபோல் இருக்கும், வேர்த்துக் கொட்டும். இதயத்தில் கோளாறு இல்லை, நரம்புத் தளர்ச்சிதான் என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். தூக்கம் போயிற்று. இரண்டு முறை ஏரிக்கரை வரை போய், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத் தவிரத் திரும்பி வருவதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அவளுக்குத் தெரிந்திருந்தது என்ற எண்ணம் எனக்குள் வளர்ந்துகொண்டே வந்தது. என்னிடம் சொல்லியிருந்தால் பஸ்ஸை நிறுத்தியிருப்பேன், வழியில் எந்த டாக்டரிடமாவது ஓடியிருப்பேன், ஏதாவது நடந்திருக்கும். தினமும் அதையே கேட்டேன். "ஏன் சொல்லல? எப்பதான் போச்சு?" அவள் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் காலை அப்படிக் கேட்டுக்கொண்டே அவள் கன்னத்தில் அறைந்துவிட்டேன். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அதுதான் முதல் முறை. அவள் முகத்தைத் திருப்பவில்லை, கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அடுத்த அடிக்காகக் காத்திருப்பவள்போல் என்னையே பார்த்தாள். மறுவாரம் மீண்டும் என் கை ஓங்கியது. எப்படியோ அதைத் திருப்பிச் சுவரில் அடித்தேன். விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அன்று எனக்கு என்மேலேயே பயம் வந்துவிட்டது. அடுத்த முறை கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது.

அதற்கு மறுநாள் விடியற்காலையில் பால் வாங்கப் போனபோது, பள்ளிக்கூட மைதானத்தில் ஏழெட்டுப் பேர் வெள்ளை உடுப்பில் நின்றிருந்தார்கள். ஊரில் புதிதாக வந்திருந்த கராத்தே வகுப்பு. அப்போது அதைக் கேலியாகத்தான் பேசுவார்கள். இருவர் எதிரெதிராக நின்றார்கள். ஒருவர் முழு வேகத்தில் குத்தினார். எதிரில் நின்றவரின் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் அந்தக் கை நின்றது. மறுபடியும் குத்தினார், மறுபடியும் அதே இடத்தில் நின்றது. பால் சொம்பைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கற்றுக் கொடுத்தவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். வேலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். வகுப்பு முடிந்ததும் அவரிடம் போனேன்.

"அந்தக் கைய நிறுத்தறீங்களே, அத மட்டும் கத்துக் குடுப்பீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. என் விரல் முட்டியில் இருந்த காயத்தைப் பார்த்தார். "அது மட்டும் தனியா வராதுண்ணே. குத்தவும் கத்துக்கணும். நாளைக்கு வாங்க."

"வயசாயிடுச்சேங்க."

"நம்ம வகுப்புக்கு வர்ற டெய்லருக்கு நாப்பது வயசு. வந்துகினுதான் இக்கிறாரு."

முதல் மாதம் நரகம். குதிரைமேல் உட்கார்ந்ததுபோல் தொடையை அகட்டி நிற்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் கால் வெடவெடவென்று ஆடும். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து என் முதுகு கூன் விழுந்திருந்தது. நிமிர்ந்தால் எலும்பு எலும்பாக வலித்தது. மூச்சைத்தான் முதலில் பிடித்துச் சரிசெய்தார். "நெஞ்சுல இழுக்காதீங்கண்ணே. தொப்புளுக்குக் கீழே கொண்டு போங்க. வுடும்போது மெதுவா வுடுங்க." தறியில் நெஞ்சடைக்கும்போதும் அதையே செய்து பார்த்தேன். முதலில் பலன் இல்லை. இருபது இருபத்தைந்து நாள் கழித்து ஒரு நாள், அடைத்த நெஞ்சு மெல்லத் திறந்துகொண்டது. தறியிலேயே தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் அழுதேன்.

பிறகு பசி வந்தது. குழந்தை போன பிறகு பசி என்ற ஒன்றே எனக்கு இருந்ததில்லை. உடம்பு அலுத்துத் தூக்கம் வந்தது. நாடா எகிறுவது குறைந்தது. மனது மட்டும் அப்படியேதான் கிடந்தது. ஆனால் எண்ணிக்கை சொல்லிக் குத்தும் அந்தக் கொஞ்ச நேரம் அதில் பஸ் ஓடவில்லை. கால் எங்கே, இடுப்பு எங்கே, கை எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதற்கும் அங்கே இடமில்லை. ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது அந்த பஸ்ஸிலிருந்து இறங்கி இருந்தேன். அதற்காகவே மழையிலும் போனேன்.

சாயங்காலம் வீட்டின் பின்பக்கம் தனியாகக் குத்திப் பழகுவேன். ஜப்பான் மொழியில் பத்து வரை எண்ண வேண்டும். இச், நீ, சான் என்று ஆரம்பிக்கும். என் மனைவி கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். ஏறிட்டும் பார்க்க மாட்டாள். மாதங்கள் அப்படியே ஓடின. அவள் பேச்சை விட்டு ஏறத்தாழ ஒரு வருடம் ஆகிவிட்டது.

ஒரு நாள் வேகமாக எண்ணிக்கொண்டே குத்திக்கொண்டிருந்தேன். "கோ, சிச்சி, ஹாச்சி."

"நடுவுல ரொக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் தலை குனிந்து பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குரல் கரகரவென்று, வேறு யாருடையதோ போல இருந்தது. ரொக்கு என்றால் ஆறு. ஐந்திலிருந்து நான் ஏழுக்குத் தாவியிருந்தேன். அர்த்தம் அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தினமும் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்திருக்க வேண்டும். ஓடிப் போய் அவளைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பயந்து மறுபடி வாயை மூடிக்கொண்டுவிட்டால் என்ன செய்வது? முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். ஆறைச் சொல்லாமல் நிறுத்தினேன். அவள் சொன்னாள். அதற்குமேல் என்னால் எண்ண முடியவில்லை.

சில நாட்கள் அவளிடமிருந்து அந்த எண்கள் மட்டும்தான் வந்தன. பிறகு 'போதும்', 'சூடா இக்குது' என்று ஒன்றிரண்டு வார்த்தைகள். இரண்டு மாதம் கழித்து, நான் பழகி முடித்து உட்கார்ந்திருந்தபோது அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கண்ணமங்கலம் தாண்டறப்பவே கொழந்த போய்ட்டா. சொன்னா பஸ்காரங்க நடு ரோட்டுல எறக்கி வுட்ருவாங்கன்னு பயந்துகினு இருந்தேன். உங்ககிட்ட சொன்னா நீங்க கத்துவீங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிடும். டாக்டர் பார்த்தா உயிர் வந்துடும்னு நெனச்சேன். அதான் மூடிகினு வந்தேன்."

நான் கேட்டுக் கேட்டுக் குமைந்த கேள்விக்கு அதுதான் பதில். என் உடம்பு முழுதும் சூடு ஏறியது. கை தானாக மூடிக்கொண்டது. அவளும் அதைப் பார்த்தாள். மூச்சைக் கீழே கொண்டு போனேன். மெதுவாக விட்டேன். மறுபடியும் இழுத்து விட்டேன். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கோபம் போனதும் அடியில் என்ன இருந்தது என்று தெரிந்தது. ஒரு மணி நேரம் அவள் செத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தனியாக, வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து மைல்கற்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அன்னிக்கு உன்ன அடிச்சிட்டேன்" என்றேன்.

"அடிச்சீங்க" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. இந்த நாள் வரை சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவளும் என்னோடு சேர்ந்து குத்திப் பழகினாள். மைதானத்துக்கு வரமாட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்பக்கத்தில், என் எதிரில் நின்று குத்துவாள். பக்கத்து வீட்டார் முதலில் சிரித்தார்கள், இவளுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றார்கள், பிறகு கண்டுகொள்வதை விட்டுவிட்டார்கள். அவள் குத்து என் முகத்துக்கு வெகு அருகில் வந்து நிற்கும். சில நாள் நிற்காது. வேண்டுமென்றேதானா என்று நான் கேட்டதில்லை.

கற்றுக் கொடுத்தவர் மூன்றாம் வருடம் வந்தவாசிக்கு மாற்றலாகிப் போனார். வகுப்பு கலைந்தது. டெய்லரும் நானும் சில காலம் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பிறகு அவர் முழங்கால் வலியால் நின்றுவிட்டார். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. துக்கம் குறைந்தது என்று சொன்னால் அது பொய். சில நாட்களில் அவள் மறுபடியும் பேச்சை நிறுத்திவிடுவாள், இரண்டு நாள், மூன்று நாள். அப்போது நான் எதுவும் கேட்பதில்லை. சாயங்காலம் பின்பக்கம் போய் நின்றுகொள்வேன். சில நாள் அவள் வருவாள், சில நாள் வரமாட்டாள்.