அம்மாவின் கணக்கில் என் குரல்

ரெலிபோனில் இன்னொருவராகக் கதைப்பதும் ஒரு தொழில்தான். சம்பளம் இல்லை, லீவு இல்லை, ஹோல்ட் மியூசிக் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். ரொறன்ரோவில் தாய் தகப்பனுக்காக பாங்கோடும் புரோக்கரோடும் மல்லுக்கட்டுகிற என் சக தொழிலாளிகளே, அடுத்த முறை காது சூடேற லைனில் நிற்கும்போது இதை வாசியுங்கள்.

வேலை கிடைத்த விதம்

எனக்கு வயது பதினேழு. மல்வேர்னில் எங்கள் கட்டடத்தில் நான் நடித்துக் காட்டாத குரல் இல்லை: கீழ்வீட்டு அன்ரி, வாடகை கேட்க வருகிறவர், லிஃப்டுக்குள் மாடி எண் சொல்கிற பெண் வரை. அம்மாவுக்கு விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் கிச்சனில் வேலை. பிட்கொயினை நேரே வாங்கத் தேவையில்லை, பங்கு வாங்குவது போல அதன் ஃபண்டை புரோக்கரிடம் வாங்கலாம் என்று கூட வேலை செய்கிற ஒருத்தி சொல்லியிருக்கிறா. வீடு, கார் எல்லாம் அப்பாவின் பெயரில். சீட்டெடுத்த காசில் ஒன்றாவது தன் பெயரில் இருக்கவேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

கணக்குத் திறக்க புரோக்கருக்குப் போன் எடுத்தா. மெஷின் இங்கிலீஷில் தொடங்கியதும் போனை என்னிடம் தள்ளிவிட்டா. பாவம், இங்கிலீஷ் வராது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு வசனத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னது மெஷின். இனிமேல் அந்தக் குரலை வைத்தே ஆளை அடையாளம் பிடிக்குமாம். விடுவேனா? அம்மாவின் இழுவை, பெருமூச்சு, கடைசியில் ஒரு "என்ன?" எல்லாம் சேர்த்து மூன்று தரம் சொன்னேன். மெஷின் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. அம்மா வாயில் கைவைத்துச் சிரித்தா: "அச்சொட்டா என்னை மாதிரியே கிடக்கடி. இனி நீயே நானாய்க் கதை, எனக்கு பஸ்சுக்கு நேரமாகுது."

அழுவது பட்டியலில் இல்லை

வாங்கப் போனால் முதலில் ஒரு கேள்விக்கொத்து. "உங்கள் முதலீடு பாதியாக விழுந்தால் என்ன செய்வீர்கள்?" என்று மூக்கால் கேட்டான் புரோக்கர் ஆபீஸ் பெடியன். எல்லாவற்றையும் விற்பேன், கொஞ்சம் விற்பேன், வைத்திருப்பேன், இன்னும் வாங்குவேன். நான் போனைப் பொத்திக்கொண்டு அம்மாவைக் கேட்டேன். "அழுவன்," என்றா. அது பட்டியலில் இல்லை. அதற்கு ஆகக் கிட்ட இருந்த "எல்லாவற்றையும் விற்பேன்" என்பதைச் சொன்னேன்.

அம்மா உடனே "குறைந்த றிஸ்க்" ஆள் ஆகிவிட்டா. ஃபண்டோ அதிக றிஸ்க். ஓடரை ஏற்கமாட்டார்களாம், கேள்விக்கொத்தைத் திருப்பி நிரப்ப ஒரு மாதம் பொறுக்கவேண்டுமாம். கேட்டதும் அம்மாவுக்கு வந்த கோபம்! "நாலு சீட்டுக் கட்டி, அதில ஒருத்தி காசோட ஓடினதையும் பாத்து, பிறகும் அஞ்சாவது கட்டினவள் நான். எனக்கு றிஸ்க் தெரியாதாமோ?"

ஒரே தேங்காய்

மாதம் முடிந்து "வைத்திருப்பேன்" என்று மாற்றிச் சொல்லி அம்மாவை றிஸ்க்காரி ஆக்கினேன். இப்போது புரோக்கரின் இணையத்தளத்தில் ஒரே ஃபண்ட் மூன்று பெயரில் நிற்கிறது: ஒன்று கனேடியன் டொலருக்கு, ஒன்று அமெரிக்கன் டொலருக்கு, இன்னொன்று டொலர் ஏறி இறங்கினாலும் பாதிக்காதபடி செய்தது. நான் அமெரிக்கனை அழுத்தினேன். காசு மாற்றுகிற கட்டணம் திரையில் எட்டிப் பார்த்ததும் அம்மா என் கையில் ஒன்று போட்டா: "ஒரே தேங்காய்க்கு மூண்டு விலையோ? எங்கட காசில விக்கிற கடைக்குப் போ, பிள்ளை."

பாதுகாப்புக் கேள்வி

சரியான கடையை, அதாவது கனேடியன் டொலர் ஃபண்டை, கண்டுபிடித்தபோது பாங்கிலிருந்து காசு வந்து சேரவில்லை. அந்தச் சில நாட்களில் தொழில் மறந்துவிடக் கூடாதே. என் அறைக்குள் இருந்துகொண்டு, நம்பரை மறைத்து, ஹோலில் ரீவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு எடுத்தேன், அந்தப் பெடியனின் மூக்குக் குரலில். "சேர், உங்கள் மனைவியின் கணக்கு விஷயம். பாதுகாப்புக்கு ஒரு கேள்வி. அவருடைய பிறந்த திகதி என்ன?"

அந்தப் பக்கம் ரீவியின் சத்தம் சட்டென்று குறைந்தது. பிறகு அப்பா கத்தியது எனக்கு ஒரு காதில் போன் வழியாகவும் மறு காதில் சுவர் வழியாகவும் கேட்டது: "பிள்ளை! கொம்மான்ர பேர்த்டே எப்பவடி? கெதியாச் சொல்லு, வெள்ளைக்காரன் லைனில நிக்கிறான்!"

கள்ளி

காசு வந்து சேர்ந்த அன்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை. விலை விழுந்திருக்கிறது, இதுதான் நேரம் என்று கிச்சன் கூட்டாளி சொல்ல, அம்மா வேலை பிரேக்கில் தானே புரோக்கருக்கு எடுத்திருக்கிறா. முதல் தடவையாகத் தன் சொந்தக் குரலில் அந்த வசனத்தைச் சொல்லியிருக்கிறா. குரல் பொருந்தவில்லை. திருப்பிச் சொன்னா, பொருந்தவில்லை. மூன்றாம் தரம் கணக்கையே பூட்டிவிட்டார்கள். வாங்கவும் ஏலாது, போட்டதைத் திருப்பி எடுக்கவும் ஏலாது.

நான் வீட்டுக்கு வர, அம்மா யூனிஃபோம் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தா. சீட்டுக் காசு முழுவதும் அதற்குள். சிரிப்பூட்டலாம் என்று வழக்கம்போல் அவவின் குரலில் இழுக்க வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். "ஆரோ என்னை மாதிரிக் கதைச்சு ஏமாத்தப் பாக்கிறாளாம்," என்றா அம்மா. "அந்தக் கள்ளி நான்தானாம்."

ஒத்திகை

எனக்குத் தெரிந்த ஒரே வழி, நான் நடிக்கிற அம்மாவைப் போல அம்மா நடிப்பதுதான். குசினியில் பயிற்சி தொடங்கினேன். "இன்னும் இழுங்கோ. பெருமூச்சு காணாது. கடைசியில 'என்ன?' போடுங்கோ."

"நான் இப்பிடியோ கதைக்கிறன்?" என்று அம்மா அப்பாவைப் பார்த்துக் கேட்டா. அப்பா அவசரமாக ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டார். இரண்டு தரம் முயன்ற பிறகு அம்மா நிமிர்ந்தா: "என்ர குரலை உன்னட்டக் கடன் வாங்கி என்ர காசை எடுக்கிறதோ? நாளைக்கு நேரில போவம்."

அஜின்கோர்ட் ஆபீஸில்

பதிவில் இருப்பது யாருடைய குரல் என்று கேட்டா அங்கே இருந்த புரோக்கரின் அதிகாரி. அம்மா என்னைப் பார்த்தா. "என்னுடையது," என்று ஒப்புக்கொண்டேன், வாழ்க்கையில் முதல் தரமாக என் சொந்தக் குரலில். அதிகாரி கண்ணாடிக்கு மேலால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மாவின் லைசன்ஸ், பாஸ்போட் எல்லாம் சரிபார்த்து, பழைய குரலை அழித்தா. மொழிபெயர்க்க நான் கதிரையை முன்னுக்கு இழுத்தேன்.

தேவைப்படவில்லை. இழுவை இல்லை, "என்ன?" இல்லை, ட்ரே எண்ணுவது போல நிதானமான இங்கிலீஷில் அம்மா வசனத்தை மூன்று தரம் சொன்னா. தானே ஓடரும் கொடுத்தா. விலை முதல்நாளைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கு மட்டும் ஒரு பெருமூச்சு, நான் நடிப்பது போலவே. கணக்கு அம்மாவின் பெயரில், ஃபண்டும் அம்மாவின் பெயரில்.

திரும்பி வரும் பஸ்சில், இங்கிலீஷ் எப்ப படிச்சனீங்கள் என்று கேட்டேன். "பன்னிரண்டு வருஷமா சூப்பவைசரோட சண்டை பிடிக்கிறன். உதெல்லாம் தமிழிலயே பிடிச்சனான் எண்டு நினைச்சனீ?" பிறகேன் போனை என்னிடம் தந்தாவாம்? அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தா: "நீ நானாய்க் கதைக்கிறதைக் கேக்க எனக்கு விருப்பம். அதைவிட, ஹோல்டில நிக்கப் பஞ்சியடி, சரியான அலுப்பு."

ஆகவே, சக தொழிலாளிகளே, எங்கள் வீட்டில் அம்மாவாகக் கதைக்கிற வேலை இப்போது அம்மாவிடமே போய்விட்டது, ஆள் லைனுக்கு வரும்வரை மியூசிக் கேட்கிற வேலைதான் எனக்கு நிரந்தரமாகியிருக்கிறது.