உறைபனிக்குக் காத்திருந்த மாத்திரைகள்

ஓரின் ஹாக்லண்ட் எங்கள் மாட்டுச் சந்தையில் இருபத்தாறு ஆண்டுகள் குறி பார்த்தவர். மாட்டின் விலாவில் சுட்டிருக்கும் குறியைப் படித்து, இது இன்னாருடையது என்று அவர் கையெழுத்திட்ட பிறகுதான் மாடு எடைமேடைக்கு, என்னிடம், வரும். கண்தான் அவருடைய பிழைப்பு.

அந்தக் கண்ணின் இமைகள் மூன்று ஆண்டுகளாகச் சிவந்து கிடந்தன. காலையில் பொருக்குத் தட்டி ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் ஒத்தடம், இமை கழுவும் நுரை, களிம்பு என எதற்கும் அடங்கவில்லை. மார்ச் 11 அன்று கண் டாக்டர் பிரிடி எட்டு இமைமுடிகளைப் பிடுங்கி உருப்பெருக்கியில் பார்த்தார். முடிவேரில் வாழும் நுண்ணிய உண்ணிகள், மொத்தம் பதினேழு. ஓரினின் நூற்று அறுபத்தைந்து பவுண்டு எடைக்கு ஐந்து மாத்திரைகளை ஒரே வேளையில் விழுங்கவேண்டும். ஏழு நாள் கழித்து இன்னொரு ஐந்து.

மாடுகளின் முதுகில் நாங்கள் ஆண்டுதோறும் ஊற்றும் அதே பூச்சி மருந்துதான் மாத்திரையாக வந்திருந்தது.

"எனக்குப் போய் மாட்டு மருந்து எழுதியிருக்காருய்யா," என்றார் ஓரின்.

"அப்ப மேடையில ஏறு, எடை போட்டுடறேன். எப்ப சாப்பிடப்போற?"

"மொத உறைபனி விழட்டும். இப்பக் குடுத்தா கோடையில திரும்ப ஏறிக்கும். பூச்சியெல்லாம் சாகற நேரத்துல ஒரே அடியா அடிக்கணும். உனக்குத் தெரியாததா?"

எனக்கும் தெரியும். இந்தப் பக்கத்து மாடுகளுக்கு இலையுதிர்காலத்தில்தான் மருந்து ஊற்றுவோம். சரிதான் என்று நானும் தலையாட்டினேன்.

அவர் மனைவி வெர்னா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "உன் இமையில எந்தப் பனி விழப்போவுது, ஓரின்? குளிர்காலம் பூரா என் போர்வைக்குள்ளதான கெடக்குற?"

"அப்ப உனக்கும் சேர்த்து ஊத்திட வேண்டியதுதான்."

மாத்திரைகள் அலமாரியில் இருந்தன. ஜூலை 22 அன்று ஓரின் ஒரு பசுவின் குறியைத் தவறாகப் படித்தார். வளைகோட்டின் கீழ் இருந்த முக்கோணம் அவர் கண்ணுக்கு நேர்கோட்டின் கீழ் தெரிந்தது. பசு வேறொருவர் பெயரில் விற்றுப்போய், மறுநாள் அறுபது மைல் தள்ளியிருந்து திரும்பி வந்தது. நவம்பர் 8 அன்று மேலதிகாரி வந்து பார்வையைச் சோதிப்பார், தேறினால்தான் வேலை என்று கடிதம் வந்தது.

செப்டம்பர் 19 அன்று முதல் உறைபனி விழுந்தது. அன்று காலை ஐந்து மாத்திரைகள். 26ஆம் தேதி மீதி ஐந்து.

அக்டோபர் 30 அன்று நான்தான் வண்டி ஓட்டிப் போனேன். டாக்டர் மறுபடியும் எட்டு முடிகள் எடுத்தார். ஓர் உண்ணிகூட இல்லை. ஓரின் என்னைப் பார்த்துக் கண்ணடிக்க முயன்றார்.

பிறகு டாக்டர் கீழிமையை அழுத்திப் பார்த்தார். கண்ணீர் காயாமல் காக்கும் எண்ணெய் இமை விளிம்பிலிருந்துதான் சுரக்கிறது. "மார்ச்ல பதினோரு சுரப்பி வேலை செஞ்சுது. இப்ப மூணு. உண்ணி செத்துடுச்சு, சரி. ஆனா அதுங்க அடைச்சுத் தூர்ந்துபோன சுரப்பி திரும்ப வராதுங்க."

"அடுத்த வருஷமும் மருந்து போட்டா?" என்று கேட்டார் ஓரின்.

"இருக்கறதக் காப்பாத்தலாம். அவ்வளவுதான்."

"பனிக்குக் காத்திருந்தது தப்பா?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "உங்க தோல்ல அதுங்களுக்குப் பன்னிரண்டு மாசமும் கோடைதான்."



நவம்பர் 8 அன்று மணிக்கு இருபத்தெட்டு மைல் வேகத்தில் காற்று. இருபது பசுக்களை வரிசையாக விட்டோம். முதல் ஆறையும் ஓரின் சரியாகப் படித்தார். ஏழாவதுக்கு நிறுத்தச் சொன்னார். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, இமையைக் கசக்கி, மறுபடி பார்த்தார். காற்று அந்தத் துளியையும் காயவைத்தது.

"ஏதாவது ஒண்ணச் சொல்லு, ஓரின்," என்றேன் மெதுவாக. வளைகோடா நேர்கோடா என்பதுதான் கேள்வி; பாதிக்குப் பாதி சரியாக இருக்க வாய்ப்பு உண்டு.

"தெரியாத மாட்டுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்று பேனாவை மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டுத் தன் வண்டியை நோக்கி நடந்தார். மீதிப் பதினான்கு பசுக்களையும் மேலதிகாரியே பார்த்து முடித்தார். அதற்குப் பதினெட்டு நிமிடங்கள் ஆயின.